ஆறேகால் லட்சம்

மின்னல் எச்சரிக்கை. சைரன் அடித்ததும்
தெங்காவின் கிரேன்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டன.
முப்பது மாடி ஏணி வழியே ஆ சூன் இறங்கி வந்தான்,
இடது மணிக்கட்டில் ஒரு பலூன்.
இளஞ்சிவப்பு, நான்கு என்ற எண்ணின் வடிவம்.
பக்கத்துப் பிளாக்கில் யாருக்கோ பிறந்தநாள்;
கை நழுவி வந்து கிரேன் கம்பியில் சிக்கியிருக்கிறது.
"இறங்கும்போது உடம்பு லேசா இருந்துச்சா?" என்றான் சேவுகன்.
இருந்திருக்கும். பதினைந்து கிராம்.

கொட்டகைக்குள் நாங்கள் நால்வர்.
வெளியே, ஸ்லிங் மாட்டியும் தரையை விட்டு எழாமல்
ஒரு முழுக் குளியலறை:
ஓடு பதித்து, குழாய் பூட்டி,
பீங்கானுக்குப் பிளாஸ்டிக் சுற்றி,
ஐந்து டன்.
இதைத் தூக்க எத்தனை பலூன் என்று ரஃபிகுல் கேட்டான்,
மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்த எங்கள் பாஷையில்.
அதில் எண்கள் மட்டும் சுத்தம்.

சிமென்ட் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டேன்.
டிப்ளமோ படித்தவனுக்கு மழைநாளில் இதுதான் உத்தியோகம்.
சாதாரண ரப்பர் பலூன்,
தன் தோலையும் நூலையும் சுமந்தது போக
மிச்சம் வைப்பது எட்டு கிராம்.
ஐந்து டன் என்பது ஐம்பது லட்சம் கிராம்.
ஆறேகால் லட்சம் பலூன்.
ஒன்றை நிரப்பி முடிச்சுப்போட அரை நிமிடம் என்றால்
இருநூற்றுப் பதினேழு நாள், கண் மூடாமல்.
முதல்நாள் கட்டியது மறுநாளே சூம்பிப்போகும்.
சூம்பியதைத் திரும்ப நிரப்ப ஓவர்டைம் உண்டா
என்று சேவுகன் கேட்டான்.
வாயு வரும் இரும்பு உருளை அறுபது கிலோ;
அதற்குள் அடைத்த மிதப்பு ஆறு கிலோ.
அத்தனை உருளைகளை லாரியிலிருந்து இறக்க
ஒரு கிரேன் வேண்டும்.

ஹீலியம் எதையும் தூக்குவதில்லை என்றேன்.
யாரும் நம்பவில்லை.
ஆறு மணி ரயிலை நினைத்துக்கொள்.
ஜூரோங் ஈஸ்டில் கதவு திறக்கிறது,
கனத்த கூட்டம் உள்ளே புகுந்து இடம் பிடிக்கிறது,
ஒல்லியான நீ, கால் பாவாமலே,
பிளாட்பாரத்தில் நிற்கிறாய்.
நீயா நகர்ந்தாய்?
காற்றுக்குக் கீழே வர அவசரம். அவ்வளவுதான்.
அதிலும் இங்கே ஊறிக்கிடக்கும் ஈரக்காற்று
உலர்ந்த காற்றைவிட லேசு.
சட்டை முதுகில் ஒட்டும் இந்தப் புழுக்கத்தில்
பலூனுக்கும் தெம்பு ஒரு பிடி குறைவு.

சேவுகன் என் பேச்சை விட்டுவிட்டு வாஷர் தேடினான்.
நூலில் ஒன்று கோத்தான். இன்னொன்று.
ஆறு வரைக்கும் கூரையை முட்டிக்கொண்டிருந்தது.
ஏழில் தயங்கியது.
எட்டில் விழுந்தது.
எட்டாவதைக் கழற்றிவிட்டு,
பையிலிருந்து பணம் அனுப்பிய ரசீதை எடுத்து
மடித்துச் செருகினான்.

நின்றது.

மார்பு உயரத்தில், எதையும் தொடாமல்,
பிடிக்க ஆளில்லாமல்.
டன் டன்னாகத் தூக்குகிறவர்கள்,
ஒரு கிராம் சரியாக இருப்பதை அன்றுதான் பார்த்தோம்.
ரஃபிகுல் தும்மினான். இரண்டடி தள்ளிப் போய் நின்றது.
அதன்பிறகு எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

சாரல் வந்தது. துளித்துளியாய் அதன் முதுகில் ஒட்டி
முழங்காலுக்கு இறக்கியது, பிறகு மண்ணுக்கு.
சேவுகன் ரசீதை உதறிப் பைக்குள் வைத்தான்.

வானம் வெளித்ததும் ஆ சூன் ஏறினான்,
வெறும் மணிக்கட்டோடு.
சுட்டுவிரலை மேலே காட்டிச் சுழற்றினேன்.
ஸ்லிங் இறுகியது. குளியலறை எழுந்தது.
காற்று அதற்கும் ஒரு தள்ளுபடி தருகிறது:
இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் கீழே.
கிரேன் மீட்டரில் அது தெரியாது.
எனக்கு அறுபத்தேழு கிராம்;
இன்றுதான் போட்டுப் பார்த்தேன்.
பூட்ஸில் சேறு அதைவிட அதிகம்.