மீதி

ஆயர் ஈத்தாமில் மழை.
மூன்றாம் வகுப்பில் வகுத்தல்.

வெண்பலகையில் எழுதினேன்:
ஐந்து அப்பம், இரண்டு மீன்,
ஐயாயிரம் பேர்.

"கெம்போங் மீனா, நெத்திலியா டீச்சர்?"
இக்னேஷியஸின் கவலை அது.

பிளாஸ்டிசினில் அப்பம் உருட்டினார்கள்.
ஜெசிந்தா தன் பச்சை அப்பத்தை
ஆயிரமாய்க் கிள்ளப் போய்
முப்பத்தேழில் கை ஓய்ந்தாள்.
நகக்கண்ணெல்லாம் பச்சை.

"எல்லாரும் சாப்பிட்டு
மீதி பன்னிரண்டு கூடையா?
வகுபட்டதைவிட மீதி
பெரிசா வரக்கூடாதுன்னு
நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான்.
சிவப்புப் பேனாவும் கையில்தான் இருந்தது.

மணி அடித்ததும் ஓடிவிட்டார்கள்.
மேசைக்கடியில், நாற்காலிக்காலில்,
என் செருப்பில் ஒட்டியதையெல்லாம்
சுரண்டி எடுத்து அடைக்கிறேன்.

காலையில் இதே டப்பாவில்தான் வந்தது.
இப்போது
மூட மாட்டேன் என்கிறது.