இருநூறு டிகிரி, எட்டு நிமிடம்

முதலில் வந்தது ஒரு பச்சைக் கோடு,
பனிமலைக்குக் குறுக்கே கொடிக்கயிறு கட்டியதுபோல.
அழகாய்த்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.
மறுநாள் என் குதிரைக்கு முகம் இல்லை.
முகம் இருந்த இடத்தில்
ஊதாக் கட்டங்கள் துடித்தன.
அதன்மேல் ஏறித்தான் அன்றிரவு முழுக்கப் போனேன்.

சாட்ஸ்வொர்த்தில் மின்சாரம்
போகும்போது சொல்லிவிட்டுப் போகும்.
வரும்போதுதான் கதவை உதைத்துக்கொண்டு வரும்.
எட்டு மணிக்குப் போய்ப் பத்தரைக்கு
ஒரு துள்ளலோடு அது திரும்பிய நாளில்
விசிறிகள் சுழன்றன, விளக்கு எரிந்தது,
திரை மட்டும் கருப்பு.
உயிர் இருக்கு, பார்வைதான் போச்சு என்று
எங்கள் வார்டில் சொல்வோமே, அது.

கழற்றினேன். ஏழு வருடத் தூசி
கம்பளியாய்த் திரண்டிருந்தது.
கடல்காற்று பட்டுப் பட்டு
தங்கப் பற்களில் பச்சை பூத்திருந்தது.
ரப்பரால் தேய்த்தேன். ஊதினேன். திட்டினேன்.
மறுபடி செருகினேன்.
கருப்பு.

பெர்த்திலிருந்து தம்பி பிரகாசன் சொன்னான்:
'ஓவன்ல வை, சலோ.'
கேலி என்று நினைத்தேன். இல்லையாம்.
உள்ளே ஈயம் விரிசல் விட்டிருக்கும்,
சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளுமாம்.
இருநூறு டிகிரி, எட்டு நிமிடம்.
கேக்குக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட.

அலுமினியத் தாளை நான்கு உருண்டையாக்கி
அதன்மேல் படுக்கவைத்தேன்.
வீடெங்கும் எரிந்த பொம்மையின் வாடை.
சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிஸஸ் ரங்கசாமி,
'என்ன சலோ, மட்டன் அடிப்பிடிச்சிருச்சா?'
'இல்ல ஆன்ட்டி, கார்டு.'
கல்யாணக் கார்டு என்று நினைத்துக்கொண்டாள்.
என் நாற்பத்திமூன்று வயதில்
அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை கொடுத்தது
அந்த வாரம் நான் செய்த ஒரே புண்ணியம்.

பதினோரு நாள் ஓடியது.
பன்னிரண்டாம் நாள், பாலத்தின் நடுவில்,
குதிரையோடு சேர்ந்து பாலமும் போனது.
இரண்டாம் தடவை சுட மனம் வரவில்லை.

ஈசிபிங்கோ பெட்ரோல் பங்க், ஞாயிறு மத்தியானம்.
சனேலே வந்தான்.
மஞ்சள் வாத்து போட்ட குழந்தைப் போர்வையில்
சுற்றி எடுத்து வந்திருந்தான்.
மூவாயிரத்து அறுநூறு ரேண்ட்.
'நல்லாத்தானே ஓடுது, ஏன் விக்கிற?'
'காலேஜ் பீஸ்' என்றான்.
பெட்டியை மூடுமுன் விசிறியை
விரலால் ஒருதரம் சுற்றிப் பார்த்தான்.
நான் பார்க்காததுபோல் பணத்தை எண்ணினேன்.

அது நீளம். என் பெட்டிக்குள் போக
இரண்டு விரல் இடம் போதவில்லை.
டிஸ்க் வைக்கும் கூண்டை ரம்பத்தால் அறுத்தேன்,
கட்டைவிரலையும் கொஞ்சம்.
பிறகு பவர் சப்ளைக்குத் திராணி இல்லையாம்,
இன்னொரு தொள்ளாயிரம்.
ஒருத்தரைக் கூப்பிட்டால்
சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

புதன் இரவு, மின்சாரம் இருந்தது.
எல்லா அளவுகளையும் உச்சத்துக்குத் தள்ளினேன்.
புல்லுக்கு நிழல் இருந்தது.
குதிரைக்கு இமை இருந்தது.
ஏழு வருடமாய் மூடுபனி என்று நான் நம்பியது
மூடுபனியே இல்லை.
பழைய கார்டுக்கு அதற்குமேல் பார்வை எட்டவில்லை,
அவ்வளவுதான்.

ஆற்றுக்கு அப்பால், நான் ஒருநாளும் பார்த்திராத குன்றில்
கல்மேல் கல் அடுக்கி, பனைமர உயரத்துக்கு,
பிரகாசனின் கைவேலை:

சலோ கார்டை மாத்து

அடியில் தேதி. மூன்று வருடத்துக்கு முந்தியது.

சனிக்கிழமை தவறாமல்
அந்தக் குன்றுக்கு நேர் எதிரே நின்றுதான்
இரண்டு பேரும் மீன் பிடித்திருக்கிறோம்.
'அந்தப் பக்கம் என்னடா இருக்கு?' என்று
கேட்டும் இருக்கிறேன்.
'ஒண்ணுமில்ல. பனி.'

பெர்த்தில் இப்போது விடியற்காலை நான்கு மணி.
எழுப்பவில்லை.
கல் சுமந்துபோய்க் குன்றின் முதுகுப்பக்கம்
பதில் எழுத ஆரம்பித்தேன்.
அவன் கண்டுபிடிக்கவும் மூன்று வருடம் ஆகட்டும்.

முதல் எழுத்து முடியவில்லை,
தெருவிளக்கு ஒருதரம் கண் சிமிட்டியது.
நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து
பிளக்கைப் பிடுங்கினேன்.