ஏழு பிக்சல் வலப்பக்கம்

ஜுஃபைரில், எதிர்ச்சாரிக் கார்நிறுத்தத்தின் மொட்டைமாடி.
ஒரு மடிக்கணினி, ஒரு கேபிள், ஆறிப்போன கரக் சாயா.
தேசிய தினத்துக்கு இன்னும் நான்கு இரவு.
எதிரே இருபத்திரண்டு மாடி,
அதன் மார்பில் கோத்த
பன்னிரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டு விளக்கு.

நூற்றெழுபது விளக்கு சேர்ந்தால் ஒரு யூனிவர்ஸ்.
மென்பொருளில் அப்படித்தான் பெயர், நான் வைத்ததில்லை.
ஆக எனக்கு எழுபத்தைந்து பிரபஞ்சம்.
எல்லாவற்றுக்கும் முகவரி உண்டு,
முப்பத்தாறாவது மட்டும் கூப்பிட்டால் வருவதில்லை.

ஒவ்வொன்றிலும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு சேனல்.
மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும்,
எந்த விளக்குக்கும் போய்ச்சேராத இரண்டு.
சலிப்பான நேரத்தில் அதில் ஒன்றுக்கு
என் வயதை அனுப்பிவைப்பேன்.
எங்கும் எரியாது.

முதல் இரவு சிவப்பை அனுப்பினேன்.
கட்டடம் பச்சையாய் எழுந்து நின்றது.
சிவப்பு பச்சை நீலம் என்று நான் சொல்ல
பச்சை சிவப்பு நீலம் என்று கேட்கிற சிப்பு.
வரிசை மாறினால் போதும்,
கொடி வேறு தேசத்துக்குப் போய்விடுகிறது.
பச்சையும் வெள்ளையுமாய் அண்ணாந்து பார்த்த
ஸ்வாத்காரக் காவலாளி குல்ஸமான்
"இப்படியே இருக்கட்டுமே, மேடம்" என்றார்
பாதி விளையாட்டாக.

மறுநாள் பாய்மரக்கப்பலை ஏற்றினேன்.
வரி விட்டு வரி பிய்ந்து
சீப்பாகத் தொங்கியது பாய்.
கம்பி இடமிருந்து வலம் ஓடி, ஒரு வரி மேலேறி,
வலமிருந்து இடம் திரும்புகிறதாம்.
வரைபடத்தில் யாரும் எழுதவில்லை.
இரட்டைப்படை வரிகளைத் திருப்பிப் போட்டேன்.
தைத்துக்கொண்டது, காற்றில்லாமலே புடைத்தது.

கப்பலுக்குக் கீழே சிப்பி, சிப்பிக்குள் முத்து.
மொத்தப் படத்திலும் அது மட்டும்தான் முழு வெள்ளை:
இருநூற்று ஐம்பத்தைந்து, மூன்று முறை.
மற்றதெல்லாம் அதற்காக மங்கியவை.

வராத முப்பத்தாறைத் தேடிக்
கயிற்றில் இறங்கினான் தருவைக்குளத்துச் செல்வின்.
கழன்ற கனெக்டரை அழுத்திவிட்டு
வாக்கிடாக்கியில் சொன்னான்:
"பதினோராம் மாடி ஜன்னல் ஒண்ணுல
அலுமினியத் தாள் ஒட்டியிருக்கு.
நடுவுல ஒரு பேப்பர். எழுத்து வெளிப்பக்கம் பாக்குது."
படி என்றேன்.
"நர்ஸ். காலைல அஞ்சு மணிக்கு டியூட்டி. இந்த லைட் வேணாம், ப்ளீஸ்.
அவ்ளோதான்."

பறவைக்கும் கயிற்றில் தொங்குகிறவனுக்கும் தவிர
எவர் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் ஒரு மனு.
யாருக்கு எழுதுகிறோம் என்று
தெரிந்துதான் எழுதியிருக்கிறாள்.

அந்த ஜன்னல் பக்கத்து விளக்கைக் கையால் மூடச் சொன்னேன்.
முத்தின் நடுவில் ஒரு புள்ளி அணைந்தது.

மங்கலாக்கலாம்தான்.
ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும்
கண்ணுக்குப் பாதியாகவே படும்.
தூக்கத்துக்கு அந்தப் பாதி அதிகம்.
படம் மையத்தில் நிற்க வேண்டும்:
ஒப்பந்தத்தில் அடிக்கோடு இட்டிருக்கிறார்கள்.
ஏழு நெடுவரிசை தள்ளினால் லிஃப்ட் சுவர்,
அங்கே யாரும் படுப்பதில்லை.

எக்ஸ் என்ற கட்டத்தில் பூஜ்யத்தை அழித்தேன்.
ஏழு.
முத்து நகர்ந்தது. கூடவே சிப்பி, கடல், கப்பல்.
கப்பலின் மூக்குநுனி விளிம்பைத் தாண்டி
ஒன்றுமில்லாததில் விழுந்தது, இரண்டு பிக்சல்.
சேமித்தேன். கோப்பின் பெயர்
'கடைசி, உண்மையிலேயே கடைசி, மூன்று.'

பதினாறாம் தேதி ஆலோசகர் ஜலீல்
கட்டைவிரலை நீட்டி ஒற்றைக்கண்ணால் அளந்தார்.
"கச்சிதம். நட்டநடு."
நான் கரக்கை உறிஞ்சினேன்.

கயிறு அவிழ்க்கப் போன செல்வின் பிறகு சொன்னான்,
பேப்பரைக் காணோம், அலுமினியத் தாள் அப்படியே இருக்கு என்று.

நல்லது பெண்ணே, அதைக் கிழிக்காதே.
அடுத்த டிசம்பரில்
வேறொருவன் வேறொரு படத்தோடு வருவான்.
முதல் வேலையாக
எக்ஸைப் பூஜ்யமாக்குவான்.