நான்கு ஆம்பியர்

நரினில் மைனஸ் முப்பத்தொன்று.
உன் லாடாவின் பேட்டரியைக் கழற்றி
சமையலறைக்குத் தூக்கி வந்தேன், குல்பரா.
அடுப்பை அணைத்தேன், ஜன்னலை விரல்கடை திறந்தேன்,
ஆறு மூடிகளையும் திருகி எடுத்தேன்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.

இந்தப் பழைய சார்ஜருக்குப்
போதும் என்று சொல்லத் தெரியாது.
யாராவது விழித்திருக்க வேண்டும்.

கதவுக்கு அந்தப்பக்கம்
நீ பெட்டி கட்டும் சத்தம்.
ஜிப் ஒருமுறை மாட்டிக்கொண்டது.

மூன்றரைக்கு ஆறு வாய்களும்
முணுமுணுக்கத் தொடங்கின.
அப்படியே விட்டால்
விடிவதற்குள் வற்றிப்போகும்;
பிஷ்கேக் பயணமும்.
முள்ளைப் பார்த்தபடி
ஆறிப்போன தேநீரை
மெதுவாக,
மிக மெதுவாகக் குடித்தேன்.

பிறகு ப்ளக்கைப் பிடுங்கினேன்.

காலையில் முதல் சாவிக்கே
வண்டி உறுமியது.
நீதான்
கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தாய்.