ஏழில் நிற்காதது

எங்கள் புளோக்கில் மின்தூக்கி
ஒன்று, ஐந்து, ஒன்பதில்தான் நிற்கும்.
நாங்கள் ஏழு.
அரிசி மூட்டையோடு
இரண்டு மாடி ஏறுவதா, இறங்குவதா என்று
அம்மா ஒவ்வொரு முறையும் யோசிப்பாள்.

சிம் லிம் டவரில் அப்பா வாங்கிய கணினி
அண்ணனுக்கு.
இதழைப் பார்த்து அவன் வரிவரியாக வாசிக்க
தட்டியது நான்.
முந்நூறாம் வரியில் செழியனுக்குக் கொட்டாவி வந்தது,
அப்புறம் பந்து, அப்புறம் பட்டாளம்.
எனக்குக் கொட்டாவி வரவில்லை.

தமிழ்ச் செய்தி முடிந்தால்தான்
தொலைக்காட்சி என் கைக்கு வரும்.
ஒலிநாடா கீச்சிடும்போது
எந்தப் பூனையின் வாலை மிதிக்கிறாய் என்பான்
அடுத்த வீட்டு பூன் கியாட்.

சீருடைக்கு இஸ்திரி போட்ட ஒரு ஞாயிறு
ஃபியூஸ் போய்
இருநூறு வரியும் போயிற்று.
மறுநாள் அதையே
நூற்றெண்பதில் முடித்தேன்.

வரி 470.
என் கட்டம்கட்டமான மின்தூக்கி
ஏழில் நின்றது.
கூப்பிட்டுக் காட்டினேன்.
கையெல்லாம் மாவு,
சுண்டுவிரலால் அம்மா விசையை அழுத்த
பன்னிரண்டையும் தாண்டி
திரைக்கு வெளியே ஏறிப் போனது.
"எங்கடி போச்சு?"

கழகம் ஏழில் கதவு வைக்க
இன்னும் இருபத்திரண்டு வருடம் ஆனது.

பகலில் காப்புறுதிக் கணக்கு.
இரவில் இப்போதும் எழுதுகிறேன்.
விளையாடுகிறவர்கள் பதினோரு பேர்,
செழியன் மகளையும் சேர்த்து.
கூரையைத் தாண்டிப் போகுதே அத்தை,
பிழை, என்கிறாள்.

தெரியும்.
எங்கே போகிறதென்று
அம்மாவிடமே இன்னும் சொல்லவில்லை.