கண்மட்டம்

கொம்பனித்தெருவில் கார் சீற் உறை தைக்கும் கடை.
"பாய் தைக்கக் குடுக்க வேணும்" என்றேன்.
வாசலில் நின்ற பையன் கேட்டான்:
"படுக்கிற பாயா, ஓடுற பாயா?"
"ஓடுறது."
மேல்மாடிக்குக் கைகாட்டினான்.

பசீனா சால்தீன் செருப்பைக் கழற்றச் சொன்னாள்.
மேசையில்லை, கதிரையில்லை. தரை முழுக்க வெள்ளைத் துணி.
தையல் மெஷின் பலகைத் தரையில் வெட்டிய குழிக்குள்.
அதற்குள் இடுப்பளவு இறங்கி நின்று பேசினாள்,
நீந்திக் களைத்தவள் படகின் விளிம்பைப்
பிடித்துக்கொண்டு பேசுவதுபோல்.

பழைய பாயை விரித்தேன்.
பதினொரு வருட உப்பு.
மடிப்புக்குள்ளிருந்து மணலும் ஒரு நூறாம் இலக்க பஸ் டிக்கெட்டும்.
"இதே அளவில" என்றேன்.

"பழச அளக்க ஏலா.
காத்து இழுத்து இழுத்து இத வேறொண்ணாக்கி வெச்சிரிக்கி.
இத அளந்தா இந்தக் கோணலையும் சேத்துத் தச்சிருவேன்.
போய் மரத்த அளந்துட்டு வாங்க."

ஞாயிறு, கல்கிசை.
அளவு நாடாவின் நுனியைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு ஏற்றினேன்.
என்ன விசேஷமென்று ஒரு காகம் வந்து குந்தியது.
மூன்று தரம் அளந்தேன். மூன்றும் வேறு.
நடுவிலிருந்ததை எழுதினேன்: ஐந்து மீற்றர் பதினெட்டு.
பருமல் மட்டும் சொன்ன சொல் மாறவில்லை,
இரண்டு நாற்பத்திநாலு.

பிறகு கேள்விகள்.
எந்தக் காத்துல ஓடுவீங்க?
மாசி, பங்குனி. பின்னேரக் கடற்காற்று. சோளகம் பிடித்தால் வீட்டில்.
எத்தன பேர்?
நான்.
பேனை நின்றது. பழைய பாயைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.
"இந்த வயித்தப் பாத்தா ரெண்டு பேர்ட நிறைக்கித் தச்ச மாதிரி."

கௌரிபாலன் தன் பாதிப் படகை எனக்கு விற்றுவிட்டு
மெல்பேர்ன் போனான்.
மூன்று தவணை. கடைசித் தவணைக்கு அவன் ரசீது தரவில்லை.
இதையெல்லாம் அவள் கேட்கவில்லை.
"ஐம்பத்தாறு கிலோ" என்றேன்.
"அப்ப வயித்தக் குறைப்பம்."

கடைசியாக ஜன்னல்.
பாயில் ஒரு துண்டு கண்ணாடித்தாள் வைப்பார்கள்,
மறுபக்கம் என்ன வருகிறதென்று பார்க்க.
"இதுல மிச்சம் உயரம். எப்படிப் பாத்தீங்க?"

நான் பார்த்ததில்லை.
கௌரிபாலன் ஆறடி. ஜன்னல் அவன் கண்ணுக்கு.
அந்தப் பக்கம் ஏதும் இருக்கா என்று கேட்பேன்.
ஒன்றுமில்லை என்பான்.
நல்லவன்தான், பொய்யென்று சொல்லமாட்டேன்.
ஆனால் பதினொரு வருடம்
ஒன்றுமில்லாத ஒரு பக்கத்தோடு ஓடியிருக்கிறேன்.

பசீனா என்னைத் தரையில் இருத்தினாள்,
முழங்கால் மடித்து, கையில் சுக்கானுக்குப் பதில் தும்புத்தடி.
என் கண்மட்டத்தில் சுவரில் சோக்கால் ஒரு கோடு.
அங்கே முன்பே வேறு கோடுகள், வேறு ஆட்கள்,
எல்லாரும் என்னைவிட உயரம்.
என் கோட்டுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினாள்,
ஒரு எழுத்தை விட்டுவிட்டு.

ஆறு கிழமை என்றது பதின்மூன்று ஆனது.
துணி துறைமுகத்தில், கொள்கலனுக்குள்.
டொலர் ஏறிவிட்டதென்று இன்னும் பன்னிரண்டாயிரம் கேட்டாள்.
பாதிக்கு இறக்கினேன்.
பாய் போடும் பையை இலவசமாகத் தந்தாள்,
கார் சீற் துணியில் தைத்தது, புலித்தோல் அச்சு.

புதுப் பாய் கடதாசிபோல் சத்தம் போடுகிறது.
வெள்ளவத்தைப் பக்கம் தலையைத் திருப்பி, படகு சாய,
கயிற்றை இறுக்கிக்கொண்டு
கழுத்தை வளைக்காமல் பார்க்கிறேன்.

வலை மிதவைகள், ஒரு முழு வரிசை.
அப்பால் பாணந்துறை ரயில்,
படியில் தொங்கும் ஒபீஸ்காரர்கள்.
இடையில், மிகக் கிட்ட,
லொறி ரியூப்பில் மல்லாந்து மிதக்கும் ஒரு தொந்திக்காரர்,
கண்மூடி, கைகளை நெஞ்சில் கோத்துக்கொண்டு.

எத்தனை வருடமாய் அங்கே மிதக்கிறாரோ.
சுக்கானைத் தள்ளி
அவரைச் சுற்றிப் போகிறேன்.