தொண்ணூற்றேழு

எர்ணாவூரில் என் அறைக்கு ஒரே ஜன்னல்.
திறந்தால் சாம்பல். மூடினால் புழுக்கம்.
மேலே ஆஸ்பெஸ்டாஸ்,
பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவு இரண்டு மணிவரை கொஞ்சம் கொஞ்சமாய்க் கக்கும்.

அதன் கீழே, இன்னும் ஏழு தவணை பாக்கியுள்ள
என் லேப்டாப்
பனிமலையில் ஒரு துப்பாக்கிக்காரியை ஓடவிடுகிறது.
அவள் மூச்சில் ஆவி. என் மணிக்கட்டில் வேர்வை.
திரை மூலையில் ஒரு சிவப்பு எண்.
தொண்ணூற்றேழு.

அந்த எண் வந்தால்
அது தன்னைத்தான் முதலில் காப்பாற்றிக்கொள்ளும்.
வேகத்தைக் குறைக்கும். காட்சி திக்கும்.
பனி ஒரு துண்டு, அப்புறம் ஒரு துண்டு என்று விழும்.
நான் சுடுவதற்கு முன்பே செத்துக் கிடப்பேன்.
ஹெட்போனில் மாதவரத்து யுவராணி கத்துவாள்:
"இன்னாடி, தூங்கிட்டியா?"

விசிறிச் சத்தமோ சுவர் தாண்டும்.
பக்கத்து வீட்டு தேசப்பன் அண்ணன்
ரெண்டு தட்டு தட்டுவார்.
"இந்நேரத்துல இன்னாம்மா மிக்ஸி?"
மூன்று மாதமாய் அவர் கணக்கில்
நான் நள்ளிரவில் சட்னி அரைப்பவள்.

சும்மா இருக்கவில்லை.
மெத்தையில் வைக்கிற பழக்கத்தை விட்டேன்.
பின்பக்கம் தூக்கி இரண்டு சோடா மூடி கொடுத்தேன்,
மூன்று டிகிரி இறங்கியது.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற சந்தானம்
துணியில் சுற்றி ஒரு பாளம் கொண்டாரட்டுமா என்றான்.
வேணாம்டா, மீனுக்கு அது சரி,
இதுக்கு உள்ளே வேர்த்தால் போச்சு.
பிராசஸரின் உச்சத்தை நூறிலிருந்து
தொண்ணூற்றொன்பது ஆக்கினேன்.
அந்த ஒரு சதவீதத்தில்தான்
அதன் திமிர் மொத்தமும் இருந்தது போல,
எண்பத்தொன்பதுக்கு வந்து நின்றது.
மறுவாரம் திரும்ப ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. எவர்சில்வர் தட்டில்
பதினொரு திருகாணி, எடுத்த வரிசையில்.
பூனை வரக்கூடாதென்று கதவுக்குத் தாழ்.
பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு,
விசிறி சுற்றாமல் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு,
பெயின்ட் பிரஷ்ஷை உள்ளே விட்டேன்.

செம்புக் குழாய் முடிகிற இடத்தில்
சீப்புப் பல்லாய் மெல்லிய தகடுகள்.
அவற்றை அடைத்துக்கொண்டு ஒரு சாம்பல்நிறக் கம்பளி.
தலைமுடி கொஞ்சம், என்னுடையது.
மீதியெல்லாம் எண்ணூர்.
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் விழுவதே.
இடுக்கியால் இழுத்தால் முழுசாய் வந்தது,
ஒரு குட்டி மிதியடி.

கரி எரிந்துதான் என் பிளக்கில் கரண்ட்.
எரிந்த மிச்சம்தான் என் விசிறியில்.
யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல்
தும்மினேன்.

திங்கள் முதல் சனிவரை
திருவொற்றியூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறேன்.
நெஞ்சுப் படம் முந்நூற்றைம்பது.
கவரில் போடும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.
படிக்கத் தெரியாது. நிறம் தெரியும்.
கம்பளியைக் குப்பையில் போடாமல்
கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
அவர்களுக்கெல்லாம்
திருகாணி எந்தப் பக்கம்?

பிறகு, பொருக்காய்க் காய்ந்த பழைய பசையை
ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு
புதுசு, ஒரு மிளகளவு.
அதற்கே கை நடுங்கியது.
மூடினேன். ஒரு திருகாணி மிச்சம்.
திறந்தேன். எங்கே என்று தெரியவில்லை.
மூடினேன்.

இரவு பதினொன்றரை. அதே பனிமலை.
எழுபத்தாறு. எழுபத்தெட்டு. அங்கேயே நின்றது.
அவள் வழுக்கிக்கொண்டு ஓடினாள்.
"யார்ரி இது, உன் ஐடில வேற ஆளா?" என்றாள் யுவராணி.
ஜன்னலை மூடியே வைத்தேன்.
வேர்த்தது, எனக்கு மட்டும்.

ஒரு மணி சுமாருக்குச் சுவரில் தட்டல்.
ஹெட்போனைக் கழற்றினேன்.
"இன்னாம்மா, சத்தமே காணோம்,
உடம்பு கிடம்பு சரியில்லையா?"